மலை இறங்க மறுக்கும் அம்மா

கேள்வி: டாக்டர், எனக்கு 51 வயது. சேலம் அழகாபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் உண்டு. நான் பள்ளி ஆசிரியை, கணவருக்கு வங்கி வேலை, மகன் பிளஸ் டூ படிக்கிறான். என் அம்மாவுக்கு 77 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர், இப்போது இல்லை. வீட்டைச் சுற்றி அரை ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கின்றன. அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் உண்டு. ஞாபகத்தில் குறையில்லை, போன வருடம் மிளகு என்ன விலைக்குப் போனது என்று இன்றைக்கும் சொல்வார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, வெளியே இருக்கும் பாத்ரூமுக்குப் போகும்போது பாசிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் காலையில் பால்காரர் வரும்வரை எழ முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். எங்களோடு வந்துவிடச் சொன்னால் "பழம் எடுப்பு முடியட்டும்" என்கிறார், அப்புறம் "மிளகு முடியட்டும்" என்கிறார். ஓசூரில் இருக்கும் தம்பி, "செக்கப்புக்கு ஒரு வாரம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துடு, அப்புறம் வீட்டை வித்துடலாம்" என்கிறான். அப்படிச் செய்யலாமா? எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்று எங்களுடையது, பாத்ரூம் சேர்ந்தது. ஒன்று மகனுக்கு. மூன்றாவது சின்னது, சாமான் போட்டு வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு ஹாலில் திவான் போடலாம் என்று நினைக்கிறேன். வந்த இடத்தில் ஒடுங்கிப் போய்விடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சேலம்

பதில்:

சகோதரி, தம்பி சொல்லும் வழி வேண்டாம். ஒரு வாரம் என்று அழைத்து வந்து, "இன்னும் ரெண்டு நாள்", "மழை விடட்டும்" என்று இழுத்து இழுத்து நிறுத்தப்பட்ட பெரியவர்கள் என் மருத்துவமனைக்கு நிறைய வருகிறார்கள். கொண்டு வந்த கட்டைப்பையை அவர்கள் பிரிப்பதே இல்லை. சேலையும் மாத்திரையும் பையிலேயே இருக்கும். சொன்ன வாரம் தாண்டியதும் விஷயம் புரிந்துவிடும். அதன் பிறகு கண் டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால்கூட, எங்கே கொண்டுபோய் விடப் போகிறார்களோ என்ற பார்வைதான் வரும். மிளகு விலை வரைக்கும் தெளிவாகச் சொல்கிறவரை ஏமாற்றி இடம் மாற்ற நமக்கு உரிமையும் இல்லை. நடைமுறையில் அது பலிப்பதும் இல்லை.

அதற்காக, அம்மா விருப்பப்படி தனியாகவே இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். வழுக்கி விழுந்தார் என்பதோடு கடிதம் முடிந்திருந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு கழிவறை கட்டுங்கள், படியைத் தேய்த்துக் கைப்பிடி போடுங்கள், இன்னும் சில வருடம் அங்கேயே இருக்கட்டும் என்று எழுதியிருப்பேன். பால்காரர் வரும்வரை கிடந்தார் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. வயதானவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே ஆபத்து. உடம்பின் எடை ஒரே பக்கம் அழுத்தி தசை நசுங்கும், அதிலிருந்து கசிவது சிறுநீரகத்தைப் பாதிக்கும், தோல் புண்ணாகும். ஏற்காட்டு ராத்திரிக் குளிரில், ஈரத் துணியோடு, உடம்புச் சூடு வேறு இறங்கிவிடும். எலும்பு முறியவில்லை என்பது இந்த முறை கிடைத்த அதிர்ஷ்டம். இனி ராத்திரியில் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இல்லாமல் அம்மா இருக்கக் கூடாது. அந்த ஆள் நீங்களாக இருக்கலாம், மலையிலேயே கூடத் தங்கும் ஒருவராகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை அம்மாவையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சு முடியும்வரை சும்மா இருக்க முடியாது. இன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரை ராத்திரித் துணைக்குச் சம்பளம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள், மருந்துக் கடைகளில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். அம்மா முதலில் முகம் சுளிப்பார். மழை பெய்யும் ஒரு ராத்திரி கடந்தால் பழகிவிடுவார். கழுத்தில் தொங்கவிடும் பட்டன் போன் ஒன்று, அதில் ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் நம்பர். அந்தப் பக்கம் சிக்னல் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் எந்த சிம் எடுக்கிறது என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, வழுக்கியதுதானா, தலை சுற்றியதா என்று யாரும் கேட்டார்களா? பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும். படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை அம்மா சாயங்காலம் போடுகிறாரா என்றும் பாருங்கள். காலைக்கு மாற்றினால் ராத்திரி பாத்ரூம் நடை குறையலாம். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்தான். கூடவே சிறுநீரகத்துக்கும் சோடியத்துக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை.

இனி அம்மாவின் பிடிவாதம். பழம் முடியட்டும், மிளகு முடியட்டும் என்பதை வெறும் சாக்கு என்று தள்ளாதீர்கள். அரை ஏக்கர் என்றாலும் கார்த்திகையிலிருந்து தை வரை பழம் எடுப்பு, அதை ஒட்டி மிளகு என்று அந்த வீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதில் அம்மாதான் முதலாளி. பறிக்க வருபவர்களுக்குக் கூலி கொடுக்கிறவர், வியாபாரியிடம் விலை பேசுகிறவர். இதற்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்று என் சந்தேகம். நம் பக்கத்துப் பெண்மணிகள் அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மகன் வீடு என்றால் உரிமை, மகள் வீடு என்றால் மாப்பிள்ளை வீடு. "பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்ல போய் உக்காந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க" என்பது அந்தத் தலைமுறைக்குச் சின்ன விஷயமே இல்லை. நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் அது தீராது. கூப்பிட வேண்டியவர் உங்கள் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக மலைக்குப் போகட்டும். நீங்கள் போக வேண்டாம். போனால் பேச்சு அம்மா–மகள் சண்டையாகத் திரும்பிவிடும். அவர் உட்கார்ந்து அம்மா போடும் காப்பியைக் குடித்துவிட்டு, "அத்தை, எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நீங்க எங்ககூட வந்து இருந்தாதான் எனக்கு நிம்மதி" என்று தன் வாயால் சொல்லட்டும். கூடவே, "நீங்க வர்றதுன்னா என்னென்ன வேணும், என்னென்ன கூடாதுன்னு சொல்லுங்க" என்று கேட்டு, சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். எழுதுவது முக்கியம். ரைட்டர் வீட்டு அம்மாவுக்கு எழுத்தில் ஏறியதுதான் கணக்கு. அந்தத் தாளில் நீங்கள் எதிர்பார்க்காத வரிகள் இருக்கும். ஒருவர் சனிக்கிழமை விரதம் தவற வேண்டாம் என்று கேட்பார், ஒருவர் தன் அடுக்களைப் பாத்திரத்தை வேலைக்காரி தொடக் கூடாது என்பார், ஒருவர் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் மேலே கூட்டிப் போக வேண்டும் என்பார். பெரும்பாலும் செலவில்லாத கோரிக்கைகள். ஒப்புக்கொண்டதை அப்படியே செய்யுங்கள்.

எப்போது என்று கேட்டால், தை மாதம். மார்கழியில் வீடு மாறினால் அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார் என்பது ஒரு காரணம். மருத்துவக் காரணம் வெயில். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் சொச்சம், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வித்தியாசம் வரும். இத்தனை வருடமாகக் கம்பளி போர்த்திப் பழகிய உடம்பைச் சித்திரையில் அழகாபுரம் மொட்டை வெயிலுக்குக் கொண்டு வந்தால் தாங்காது. தை மாதத்தில் சேலமும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மாசி, பங்குனி என்று வெயில் படிப்படியாக ஏறும்போது உடம்பும் கூடவே பழகிக்கொள்ளும். தை கடைசியில் பழம் எடுப்பும் ஏறக்குறைய முடிந்திருக்கும், ஆக அம்மாவின் முதல் நிபந்தனையும் நிறைவேறிவிடும். மிளகுக்கு இரண்டு நாள் மேலே போய் வரலாம், அல்லது அந்த வருடம் மட்டும் கொடியோடு குத்தகைக்கு விடலாம். எதுவானாலும் அம்மாவே பேசி முடிக்கட்டும்.

அதற்கு முன்னால் இந்தக் கார்த்திகையிலேயே பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். "பத்து நாள், பதினோராம் நாள் நானே கொண்டு வந்து விடுகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கொண்டுபோய் விடுங்கள். அம்மா நன்றாக ஒத்துப்போகிறார், இன்னும் நாலு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். கூடாது. சொன்ன நாளில் திரும்பிப் போக முடிந்த வீட்டுக்குத்தான் பெரியவர்கள் மறுபடி தைரியமாக வருவார்கள். அந்தப் பத்து நாளில் எது சரிப்படவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அது. பொதுவாக என்ன நடக்கிறது தெரியுமா? பாசத்தில், "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிடுகிறோம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, கோழிக்குத் தீனி போட்டு, முற்றம் கூட்டி, ஆளுக்குக் கூலி எண்ணிக் கொடுத்தவர், இங்கே ஐந்து மணிக்கு எழுந்து, யாருடைய தூக்கமும் கெட்டுவிடக் கூடாதே என்று இருட்டில் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். ஏழு மணிக்கு நீங்கள் காப்பி கொடுப்பீர்கள். எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள். சாயங்காலம் ஐந்து வரை டிவி. இப்படி மூன்று மாதம் இருந்தால் யாராக இருந்தாலும் ஒடுங்கித்தான் போவார். அதற்கு மலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே கட்டில் எங்கே போடுவது என்று யோசிக்கும் முன், உங்கள் வீட்டில் அம்மாவுக்கு எது சொந்தம் என்று முடிவு செய்யுங்கள். காலைக் காப்பியை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். டிகாஷன் இறக்குவது, பால் காய்ச்சுவது, யாருக்கு எத்தனை சர்க்கரை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. உங்கள் வீட்டு ஃபில்டரைப் பரணில் போட்டுவிட்டு அவர் ஃபில்டரைக் கொண்டு வாருங்கள், தூளும் அவர் சொல்லும் தூளே. ஐந்து மணிக்கு அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டால் யாரும் எழுந்து வந்து "ஏம்மா இந்நேரத்துல" என்று கேட்கக் கூடாது. வீட்டுச் சாவி ஒரு செட் அவர் இடுப்பில் இருக்க வேண்டும். பால் கார்டோ கீரைக்காரரோ, ஏதாவது ஒரு கணக்கு அவர் கைக்காசில் நடக்கட்டும். "உங்க காசு எதுக்கும்மா" என்று மறுக்காதீர்கள். அப்பாவின் வைப்பு நிதி பென்ஷனிலிருந்து மாதம் பால் கணக்கைக் கட்டுகிறவர் மாப்பிள்ளை வீட்டில் விருந்தாளி இல்லை. நாலு பேர் பேசுவார்களே என்ற அந்த உறுத்தலுக்கும் இது பாதி மருந்து.

கத்தியைத் தொடாதே, அடுப்பைத் தொடாதே என்ற காவலும் வேண்டாம். கேஸ் அடுப்பு அவருக்குப் புதிதில்லை. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்ய மேஜை உயரத்தில் ஓர் இடம் கொடுத்தால் போதும். அருவாமனையில்தான் நறுக்குவேன் என்றால், தரையில் உட்கார்ந்து எழ முட்டி ஒத்துழைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹால் திவான் யோசனையைக் கைவிடுங்கள். டிவி, வருகிற போகிறவர்கள், ராத்திரி பதினொரு மணி வரை படிக்கும் பையன், இதற்கெல்லாம் நடுவில் ஒரு பெரியவரால் சேலை மாற்றக்கூட முடியாது. பாத்ரூம் சேர்ந்த உங்கள் அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். சின்ன அறையைக் காலி செய்து நீங்கள் இருவரும் போங்கள். பேரன் அறையைத் தொட வேண்டாம், மார்ச்சில் அவனுக்குப் பரீட்சை. உங்கள் கணவருக்கு இது கொஞ்சம் கசக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலைக் கடந்து போகிற நடை அம்மாவுக்கு மிச்சமாகும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கட்டிலைப் போடும் விதத்தில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. நாகலூர் வீட்டில் அம்மா கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குகிறார், இறங்கி எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறார் என்று பார்த்து வையுங்கள். இங்கேயும் அதே பக்கம் இறங்கி அதே பக்கம் திரும்பினால் பாத்ரூம் வரும்படி கட்டிலைப் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கண் பார்ப்பதற்கு முன் கால் பழைய வீட்டு வழியில் நடக்கும். கதவு இருந்த இடத்தில் இப்போது சுவரோ பீரோ முனையோ இருந்தால் அங்கேதான் நெற்றியில் அடிபடும். கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரமாக மங்கலான விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். மிதியடி எதுவும் வேண்டாம்.

பாத்ரூமில் சுவரில் துளையிட்டு முடுக்கிய கைப்பிடி இரண்டு: கமோடு பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. டவல் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் எடையில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், நீங்கள் வெளியே நின்று தவிப்பீர்கள். வெளிப்பக்கம் திறக்கும்படி தச்சரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள், அரை நாள் வேலை. விறகு போட்டுத் தண்ணீர் காய்ச்சிப் பழகியவருக்குக் கீசர் குழாய் புதிது. எந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் என்பது கைக்குப் பழகும்வரை வெப்பத்தை 45 டிகிரி அளவிலேயே வையுங்கள். சுகர் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுவது தெரியாமலே நிற்பார்கள்.

சாமான் கட்டும் வேலையைத் தம்பியிடம் விடாதீர்கள். ஒரே நாளில் லாரி வைத்துக் காலி செய்துவிடுவார். கட்டுவதற்கு முன் அம்மாவின் அடுக்களை அலமாரியையும் சாமி மாடத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு எங்கே, புளி எங்கே, எந்த டப்பாவுக்குப் பின்னால் எந்த டப்பா என்று தட்டுத் தட்டாக. இங்கே ஓர் அலமாரியை முழுதாக அம்மாவுக்கு ஒதுக்கி, படத்தைப் பார்த்து அதே வரிசையில் அடுக்குங்கள். அம்மா வந்து கை நீட்டினால் உப்பு இருக்கும் இடத்தில் உப்பு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வீடு பழகுவது பெரும்பாலும் கையால்தான். பழசு, உடைசல் என்று உங்களுக்குத் தோன்றுவதை அவர் இல்லாதபோது தூக்கிப் போடாதீர்கள். இடம் இல்லாத பொருள் அந்த வீட்டிலேயே பூட்டிக் கிடக்கட்டும். செடி கொண்டு வருவேன் என்பார். டேலியா வேண்டாம், பங்குனி வெயிலில் கருகி, அதைப் பார்த்து அவர் மனசும் வாடும். வெற்றிலைக் கொடி, கறிவேப்பிலை, நிழல் பால்கனி இருந்தால் தொட்டியில் புதர் மிளகு, இவை சேலத்தில் பிழைக்கும்.

இறங்கும் நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 20 கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து, வாந்தி வரும் என்று காலையில் சாப்பிடாமல் சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. அடிவாரம் வருவதற்குள் சுகர் தாழ்ந்து வியர்த்து மயங்குவார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். முன் சீட்டு, ஜன்னல் திறந்து, கையில் கொஞ்சம் சர்க்கரை அல்லது மிட்டாய். கடையில் கேட்டு வாங்கும் வாந்தி மாத்திரை இந்த வயதில் தூக்கத்தையும் குழப்பத்தையும் கொண்டு வரும், வேண்டவே வேண்டாம். சாமான் வண்டி முந்தின நாளே வந்து, அம்மா உள்ளே நுழையும்போது அவர் அறை தயாராக இருக்கட்டும். பால் காய்ச்சுவது உங்கள் வீட்டில் எப்போதோ முடிந்த விஷயம்தான். ஆனாலும் அன்றைக்கு அம்மா கையால் ஒரு முறை காய்ச்சட்டும்.

முதல் இரண்டு வாரம் ராத்திரியில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கலாம். எந்த வீடு என்று ஒரு நிமிடம் புரியாமல் விழிப்பது சகஜம், பேர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கைப் போட்டால் தெளிந்துவிடும். பகலிலும் குழம்பினால், இல்லாத ஆளோடு பேசினால், ஒரே நாளில் ஆளே மாறிப்போனது போல் இருந்தால், "இடம் மாறினதுல அப்படி, வயசுல அப்படித்தான்" என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தாழ்ந்த சுகர், நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகப் போட்ட சளி மாத்திரை அல்லது தூக்க மாத்திரை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெயில் ஏறும்போது இரண்டு விஷயம். முதுமையில் தாகம் குறைந்துவிடும், கேட்டால் "தண்ணி வேண்டாம்" என்பார். கேட்காமல் நேரத்துக்குக் கொடுங்கள், மோர், ரசம், இளநீர் எதுவானாலும் சரி (சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருந்தால் அளவை டாக்டர் சொல்வார்). மலைக் குளிரில் சரியாக இருந்த பிரஷர் மாத்திரை அளவு இங்கே கூடுதலாகிப் போகலாம். மாசியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை நின்று அளந்து பாருங்கள்.

கால்களை மறக்காதீர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால் அது. டைல்ஸ் தரையில் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடந்தால் சில வாரத்திலேயே தொடை வற்ற ஆரம்பிக்கும். காலையிலும் சாயங்காலமும் கீழே இறங்கி இருபது நிமிடம் நடக்கட்டும். பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தால் அதுவே போதும். அங்கே இரண்டு பேர் பழக்கமானால் நீங்கள் சொல்லாமலே போவார். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, நாளுக்கு இரண்டு தடவை, பத்துப் பத்தாக. தட்டில் முட்டையோ சுண்டலோ தினமும் இருக்கட்டும்.

காகித வேலைகளுக்கு அவசரம் இல்லை. ஆதாரில் முகவரி, கேஸ் இணைப்பு இவற்றையெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட் எந்த மாதம் கொடுத்தார் என்று மட்டும் குறித்து வையுங்கள், ஒரு வருடத்துக்குள் அடுத்தது கொடுத்தாக வேண்டும். தோட்ட வேலை செய்த விரலில் ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் எடுக்காது, முகத்தைக் காட்டிப் போனிலேயே கொடுக்கும் வசதி இருக்கிறது. அங்கே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை வந்துகொண்டிருந்தால், அந்தச் சீட்டோடு அழகாபுரத்துக்குப் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள், விட்டுப்போகாமல் தொடரும்.

வீட்டை விற்பது பற்றி. குறைந்தது ஒரு வருடம் பேச்சே எடுக்க வேண்டாம். மேலே ஒரு வீடு பூட்டியிருக்கிறது, வேண்டும் என்றால் போகலாம் என்ற எண்ணம் இருக்கும்வரை அம்மா இங்கே நிம்மதியாக இருப்பார். விற்றுவிட்டோம் என்ற அன்றே போக வேண்டும் என்று துடிப்பார். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் பார்த்ததை வைத்து ஒன்று சொல்கிறேன். யார் பெயருக்காவது செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்லி இந்த நேரத்தில் கேட்காதீர்கள். நீங்களும்தான். பின்னால் எழுதினாலும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொடுத்த பின் கவனிக்காமல் விட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, பிரிவு 23-இன் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நம் மாநிலத்தில் அந்த மனுவைக் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. இதைத் தம்பிக்கு எதிராகச் சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பிக்கு வேறு வேலை கொடுங்கள். வருடத்தில் இரண்டு முறை, பதினைந்து நாள் வீதம் அம்மா ஓசூரில் இருக்கட்டும், அல்லது அவர் இங்கே வந்து இருக்கட்டும். அந்த நாட்களில் நீங்களும் கணவரும் எங்காவது போய் வாருங்கள். ராத்திரித் துணை, கைப்பிடி, மருந்து இவற்றுக்கான செலவில் பாதியை இப்போதே பேசிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருப்பது நல்லது.

வந்த பிறகு "ஊருக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பார். சொல்லட்டும். சாப்பிட்டு, தூங்கி, பேரனை அதட்டிக்கொண்டே அப்படிச் சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதைச் சொல்வதையே நிறுத்திவிட்டு, காப்பி போடுவதை விட்டு, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, சாப்பாடு குறைந்து எடை இறங்கி, இரண்டு வாரம் அப்படியே போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்துக்கும் பேச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும் நோய் அது. உடனே அழைத்து வாருங்கள். எங்கே போகிறோம், எந்த டாக்டரிடம், எதற்கு என்பதை வண்டியில் ஏறும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள்.